பதினாறு புள்ளிக்குள் ஓர் அண்ணாச்சி

விதி ஒன்பது, குறிப்பு ஆ: "ஐகானில் உள்ள உருவம் குறித்து ஐயம் எழுந்தால், கோப்பைக் கையாளும் அலுவலர் விண்ணப்பதாரரின் மூலப்படத்தைத் திறந்து பார்த்துத் தெளிவு பெற வேண்டும்."

நல்ல விதி. மூலப்படத்தைத் திறக்கும் மென்பொருள் மொத்த அலுவலகத்திலும் ஒரே ஒரு கணினியில்தான் இருந்தது என்பது இதை எழுதியவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அந்தக் கணினி என் மேஜைமேல் இருந்தது. நான் பணியில் இருந்த காலம் முழுவதும் ஐயம் எழுந்து என் மேஜைக்கு வந்த அலுவலர் ஒருவர்கூட இல்லை. ஐயம் எழாமல் பார்த்துக்கொள்ள எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் நன்றாகத் தெரியும்.

இப்போது என் நாற்காலியில் இருப்பவள் கவிதா. செம்பூரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். போன மாதம் போனில் கேட்டாள்: "மேடம், ஆப்ல போட்டோ டாலா தோ பஸ், ஐகான் ரெடி. இதுக்கு ஒரு செக்‌ஷனே வெச்சு நீங்கள்லாம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" செயலியில் படத்தைப் போட்டாலே போதுமாம். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டாள். அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அவள் அம்மா படித்துக் காட்டட்டும்.

சாலைக்கும் சாக்கடைக்கும் இடிக்கப்பட்ட கடைகளுக்கு மாற்றுக் கடை ஒதுக்குவது எங்கள் அலுவலகத்தின் வேலை. விண்ணப்பதாரரின் முகத்தை ஐகானாக மாற்றுவது எங்கள் பிரிவின் வேலை. எனக்குப் பயிற்சி நெருளில் நடந்தது. கேமரா இருந்த அலமாரியின் சாவி விடுப்பில் போனவரிடம் இருந்ததால், கேமராவைப் பலகையில் வரைந்து காட்டினார்கள். நான் ஆங்கில இலக்கியத்தில் முதுகலை. அந்தப் படத்தை ஒழுங்காகப் பார்த்து எழுதிக்கொண்டேன். சான்றிதழ் கொடுத்தார்கள்.

கொள்முதல் விதி, படத்தை ஆக உயர்ந்த தரத்தில் எடுக்க வேண்டும் என்றது. கணினி விதி, கோப்பு ஆகச் சிறியதாக இருக்க வேண்டும் என்றது. இரண்டையும் நிறைவேற்ற ஒருத்தி வேண்டியிருந்தது. எங்கள் கேமரா எடுக்கும் மூலப்படத்தில் விண்ணப்பதாரரின் சட்டை நூலை எண்ணலாம். அவர் கண்மணியை உற்றுப் பார்த்தால் அதற்குள் நான் கேமராவுடன் நிற்பது தெரியும். இவ்வளவையும் எடுத்துவிட்டு, அடுத்த அரைமணி நேரம் அதை ஒழிப்பதுதான் என் தொழில்.

ஒழிக்கும் முறை இது. ஆளைச் சாம்பல் நிறத் திரைக்கு முன்னால் முக்காலியில் உட்காரவைக்க வேண்டும். முதலில் ஒரு வெள்ளைத் தாளைக் கையில் பிடிக்கச் சொல்லி ஒரு படம். அதை வைத்து நிறத்தைச் சரிசெய்ய வேண்டும். பிறகு சதுரமாக வெட்ட வேண்டும். அப்புறம் சுருக்க வேண்டும், ஆனால் ஒரேயடியாகச் சுருக்கக் கூடாது. சுருக்கினால் கண் புருவத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். பாதி, அதில் பாதி, அதிலும் பாதி என்று இறங்கி, ஒவ்வொரு படியிலும் விளிம்பைக் கொஞ்சம் கூர்மையாக்க வேண்டும். கடைசியில் ஒரே ஐகான் கோப்புக்குள் மூன்று அளவுகள்: கோப்பின் முதல் பக்கத்துக்குப் பெரியது, கடிதங்களுக்கு நடுத்தரம், பட்டியலுக்குச் சிறியது. சிறியது என்றால் நீளம் பதினாறு புள்ளி, அகலம் பதினாறு புள்ளி. அதில் ஒரு கண்ணுக்கு ஒரு புள்ளி கிடைக்கும். மூக்குக்குக் கிடையாது.

முதல் பக்கத்தை யாரும் திறப்பதில்லை. அலுவலகம் நடப்பதே பட்டியலில்தான். அந்தப் பட்டியல் நிரலோ மிகப் பழையது. மொத்தம் பதினாறு நிறங்கள்தான் அதற்குத் தெரியும். மனுஷ நிறத்தைப் பற்றி இந்த ஊரில் ஆளுக்கொரு கருத்து உண்டு. எங்கள் கணினிக்குப் பதினாறு கருத்து. சிலரை மஞ்சள் என்றது, சிலரைச் சாம்பல் என்றது. எங்கள் தமிழ் ஆட்களில் பெரும்பாலோரை, என்னையும் சேர்த்து, செங்கல் சிவப்பு என்றது.

ஐகானுக்கு ஒப்புதல் தருபவர் ஹரிஹரன் சார். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கும் பாலக்காட்டுக் குடும்பம். காலையில் எதிலும் கையெழுத்துப் போட மாட்டார்; மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் மனுஷனுக்குத் தீர்ப்புச் சொல்லும் பக்குவம் வராது என்பது அவர் கட்சி. திரைக்கு அருகில் வந்து பார்க்கவே மாட்டார். வாசற்படியில் நின்று, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, ஒரு கண்ணை மூடிக்கொள்வார்.

"யாராக்கும் இது?"

"விண்ணப்பதாரர், சார்."

"அது தெரியறது. முகமும் தெரியறது. ஆள் தெரியலையே. முன்ன பின்னப் பாக்காதவன் இதை வெச்சுண்டு ஆளைக் கண்டுபிடிக்கணுமாக்கும். அதுக்குத்தானே ஐகான்?"

"பதினாறு புள்ளியில எப்படி சார்?"

"விதி நம்பர் சொல்லுங்கோ, மாத்திக்கறேன்."

கடைசியில் "ஆகட்டும்" என்று கையெழுத்துப் போடுவார். முன்பின் பார்க்காதவன் ஓர் ஆளைக் கண்டுபிடித்ததாக ஒரு தகவலும் வராதது அவருக்கு நிரந்தர மனக்குறை.

இந்த நிலையில்தான் சுடலைமுத்து அண்ணாச்சி வந்தார். தாராவியில் மிக்ஸி, குக்கர் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். சாக்கடை வேலைக்காக அவர் இருந்த சந்தையையே இடித்து, கோவண்டியில் ஒரு சுவரோரம் எல்லோருக்கும் தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்திருந்தார்கள். செம்பூரில் புதுக் கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்தது. கட்டிடம் திறக்கும் அன்று கொட்டகையைப் பிரித்துவிடுவார்கள். அதற்குள் ஒதுக்கீடு வராவிட்டால் அண்ணாச்சியின் கடை நடுத்தெருவில்.

வந்தவருக்குத் தலையில் முடி இல்லை, மீசையும் இல்லை. நெற்றியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விபூதிப் பட்டை.

"திருச்செந்தூர் போய்ட்டு நேத்துதான் வந்தேன் மேடம். கட நல்லபடியா கெடைக்கணும்னு மொட்ட. படத்துல பட்ட தெளிவா விழணும், பாத்துக்கிடுங்க."

"விழும் அண்ணாச்சி."

விழுந்தது. மூலப்படத்தில் விபூதியின் பொடிகூடத் தெரிந்தது. விதிப்படி வெட்டினேன், விதிப்படி சுருக்கினேன். ஹரிஹரன் சார் சாப்பிட்டுவிட்டு வந்து ஒரு கண்ணை மூடி, "ஆகட்டும்" என்றார். அன்று நாங்கள் பார்த்தது பெரிய அளவை மட்டும்.

சில மாதம் கழித்து அண்ணாச்சி மறுபடி வந்தார். முடி வளர்ந்திருந்தது, மீசையும் வந்திருந்தது. முகம்தான் வாடியிருந்தது.

"மேடம், எம் படத்த எடுத்தது நீங்கதான? எம் ஃபைலு ப்ளாக்குன்னு சொல்லுதாக. யாரு ப்ளாக் பண்ணுனான்னு கேட்டா தெரியலங்காக. எடுக்கணும்னா மனு எழுதணுமாம். மனுவுல மொத வரியே 'தடுத்த அலுவலர் பெயர்'. நான் யாரு பேரப் போட? ஊருல ஒரு பங்காளி இருக்கான், அவன் பேர எழுதட்டுமா?"

ஒதுக்கீட்டுப் பிரிவுக்கு அவரை அழைத்துக்கொண்டு போனேன். அங்கே காம்ப்ளே என்ற குமாஸ்தா. தங்கமான மனிதர், தன் திரையைத் தவிர வேறெதையும் நம்ப மாட்டார். பட்டியலைக் காட்டினார். வரிசையாகச் செங்கல், மஞ்சள், சாம்பல் முகங்கள். நடுவில் ஒரு சிவப்பு வட்டம். அதன் குறுக்கே தடித்த வெள்ளைக் கோடு. ஒருவழிப் பாதையின் முனையில் நட்டு வைத்திருப்பார்களே, அதே பலகை. தடுக்கப்பட்ட கோப்புக்கு எங்கள் நிரல் போடும் அடையாளமும் அதுவேதான்.

நான் கிட்டே போய்ப் பார்த்தேன். அது அடையாளம் இல்லை. அது அண்ணாச்சி.

மொட்டை அடித்ததால் தலை வட்டமாகிவிட்டது. நெற்றி நடு முகத்துக்கு இறங்கிவிட்டது. நிறத்தைக் கணினி செங்கல் சிவப்பாக்கி, கண்ணையும் வாயையும் அதிலேயே கரைத்துவிட்டது. பட்டை மட்டும், அவர் கேட்டுக்கொண்டபடி, தெளிவாக விழுந்திருந்தது.

"காம்ப்ளேஜி, இது ப்ளாக் இல்லை. இவர் முகம்" என்றேன் இந்தியில்.

அவர் அண்ணாச்சியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "மேடம், ஆப் போல் ரஹே ஹோ. சிஸ்டம் நஹீ போல் ரஹா." நான்தான் சொல்கிறேனாம், சிஸ்டம் சொல்லவில்லையாம்.

"திறந்து பாருங்க, தெரிஞ்சுடும்."

தடுத்த கோப்பைத் திறந்தால் தன் வேலை போய்விடும் என்றார். தடுத்தவர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். தடுத்தவர் யாருமில்லை என்றேன். அப்படியானால் எழுதிக் கொடுக்க ஆளில்லை, திறக்க முடியாது என்றார். நான் விதி ஒன்பது, குறிப்பு ஆ-வைச் சொன்னேன். என் பணிக்காலத்தில் அதை வாய்விட்டுச் சொன்னது அந்த ஒரு முறைதான்.

காம்ப்ளே யோசித்தார். "டவுட் ஆயா தோ நா, மேடம்? முஜே கோயி டவுட் நஹீ. எக்தம் சாஃப் திக் ரஹா ஹை."

ஐயம் எழுந்தால்தானே விதி; அவருக்கு ஒரு ஐயமும் இல்லை, பளிச்சென்று தெரிகிறதாம். இவ்வளவு தெளிவான ஐகானை எங்கள் பிரிவு அதற்குமுன் தந்ததே இல்லை.

திரும்பி வந்து மூலப்படத்தை வேறு மாதிரி வெட்டிப் பார்த்தேன். தோள் தெரிய வெட்டினால், அதே பலகை ஒரு வெள்ளைத் தூணின்மேல் நின்றது. நெருக்கி வெட்டினால் ஏதோ ஒரு நாட்டுக் கொடி மாதிரி இருந்தது. புதுப் படம்தான் வழி என்று முடிவாயிற்று. அண்ணாச்சி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. துண்டைக் குழாயில் நனைத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு வந்து முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"சங்கடமா இல்லையா அண்ணாச்சி?"

"இதுல என்ன மேடம்? முருகன் கோவிச்சிக்கிட மாட்டாரு. அவரே எடம் இல்லாமத்தான் கடக்கரையில நிக்காரு."

புதுப் படம் அருமையாக வந்தது. பதினாறு புள்ளியில் முடி, மீசை, ஒரு மாதிரி மனிதன். ஆனால் விதி பதினொன்று: புதுப் படத்தை ஏற்பதற்குமுன், வேறு பிரிவு அலுவலர் ஒருவர் ஆளையும் பட்டியலில் உள்ள பழைய ஐகானையும் ஒப்பிட்டு, இருவரும் ஒருவரே என்று சான்று தர வேண்டும். வேறு பிரிவு என்றால் காம்ப்ளே.

அவர் நேர்மையாகத்தான் முயன்றார். அண்ணாச்சியைத் திரைக்குப் பக்கத்தில் நிற்கவைத்தார். இந்தப் பக்கம் திரும்பச் சொன்னார், அந்தப் பக்கம் திரும்பச் சொன்னார். கடைசியில் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "மேடம், ஆத்மி இதர் ஹை. லேகின் உதர் தோ போர்டு ஹை. சேம் கைசே லிக்கூ?" ஆள் இங்கே, அங்கே இருப்பதோ பலகை, இரண்டும் ஒன்று என்று எப்படி எழுதுவது என்கிறார்.

ஹரிஹரன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மதியத்துக்குமேல்தான்.

"அப்போ அவரை மறுபடி மொட்டை போட்டுண்டு, பட்டை இட்டுண்டு வரச் சொல்லுங்கோ. காம்ப்ளே ஒத்துண்டுடுவான்."

"ஒத்துப்பார் சார். ஆனா அன்னிக்கு வந்து நிக்கற மாதிரிதானே படமும் எடுக்கணும்? அதுவும் போர்டாத்தான் வரும்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "படம் மாதிரி இருந்தா அவர் ப்ளாக். படம் மாதிரி இல்லேன்னா அவர் இவர் இல்லை. அப்படித்தானே?"

"ஆமாம் சார்."

"ஆகட்டும். மேலே எழுதிடலாம்."

எழுதினார். பச்சை மையில், நான்கு பக்கம். விபூதியின் நிறம், முகத்தின் வட்டம், விதிகள் ஒன்பதும் பதினொன்றும் ஒன்றையொன்று எப்படி மறிக்கின்றன என்பது எல்லாம் அதில் இருந்தது. அவர் எழுதியதிலேயே ஆகச் சிறந்த குறிப்பு அது. மேலே போயிற்று. பதில் வரவில்லை.

கட்டிடம் முடிந்தது. குலுக்கல் நடந்தது. தடுக்கப்பட்ட கோப்புக்குக் காம்ப்ளே சீட்டு எடுக்க மாட்டார். ஆனால் பட்டியலிலிருந்து அதை நீக்கவும் முடியாது, நீக்க வேண்டுமானால் திறக்க வேண்டும். ஆகவே எல்லோரும் எடுத்துக்கொண்டு போனபின் மிச்சமிருந்த ஒரு கடை, மாடிப்படியை ஒட்டிய மூலைக்கடை, தானாக அண்ணாச்சியின் பெயருக்கு நேராகப் போய் உட்கார்ந்தது. இதை யாரும் தீர்மானிக்கவில்லை, யாரும் கவனிக்கவுமில்லை. பட்டியலை அச்சடித்து, அந்தந்த ஐகானைக் கையகலத்துக்குப் பெரிதாக்கி, ஒவ்வொரு ஷட்டரிலும் ஒட்டினார்கள். சாவிகள் வாச்மேனிடம். படத்தையும் ஆளையும் ஒப்பிட்டுச் சாவியைக் கொடுக்க வேண்டும் என்பது அவருக்கு உத்தரவு.

அன்று சாப்பாட்டு நேரத்தில் அண்ணாச்சி போன் செய்தார். பின்னால் தகரம் விழும் சத்தம்.

"மேடம், எல்லாவனுக்கும் சாவி குடுத்துட்டான். என்னய மட்டும் போங்கான். இங்க கொட்டகயப் பிரிச்சுக்கிட்டு நிக்காக. மிக்ஸி, குக்கரு பூரா ரோட்டுல கெடக்கு. மழ வேற தூறுது. நான் என்ன செய்ய?"

ஆட்டோ பிடித்துப் புதுக் கட்டிடத்துக்குப் போனேன். அவரையும் அங்கேயே வரச் சொன்னேன். வாச்மேன் கோரக்பூர்க்காரர், தெளிவானவர். மற்ற ஷட்டர்களில் ஒட்டியிருந்த படங்களில் யார் இருக்கிறார்கள் என்று அவருக்குச் சுத்தமாகப் புரியவில்லை. அதனால் பெயரைக் கேட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டார். மூலைக்கடையில் இருந்தது மட்டும் என்னவென்று பார்த்தவுடன் புரிந்தது.

"யே துகான் பந்த் ஹை மேடம். போர்டு லகா ஹை." கடை மூடியிருக்கிறதாம், பலகை மாட்டியிருக்கிறதாம்.

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். தலை நிறைய முடி, அடர்ந்த மீசை. ஹரிஹரன் சாரின் யோசனை நினைவுக்கு வந்தது. அலுவலகத்தில் அது உதவவில்லை, அங்கே புதுப் படம் எடுக்க வேண்டியிருந்தது. இங்கே யாரும் படம் எடுக்கப் போவதில்லை.

"அண்ணாச்சி, விபூதி இருக்கா?"

"எலை விபூதி எப்பமும் சட்டைப்பையில இருக்கும். எதுக்கு?"

"மொட்டை போட்டுட்டு வாங்க."

"இப்பமா?"

"இப்பவே. மீசையையும் எடுத்துடுங்க."

எதிரிலேயே ஒரு சலூன். நானும் கூடப் போய் நின்றேன். மொட்டை என்றதும் நாவிதர் ரேடியோவை அணைத்துவிட்டுத் தாழ்ந்த குரலில், வீட்டில் யாராவது தவறிவிட்டார்களா என்று கேட்டார்.

"நஹீ பாய்," என்றார் அண்ணாச்சி. "சாவி லேனேகா ஹை." சாவி வாங்கத்தானாம்.

வெளியே வரும்போது மழை பிடித்துக்கொண்டது. இலையைப் பிரித்து, கண்ணை மூடி, முருகா என்று சொல்லி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பூசினார். பட்டை கரைந்தால் ஆள் மாறிவிடுவார். அதனால் சாலையைக் கடக்கும்வரை என் குடையை அவர் நெற்றிக்கு மட்டும் பிடித்தேன். இருவரும் முழுக்க நனைந்தோம், நெற்றி நனையவில்லை.

மூலைக்கடையின் ஷட்டருக்குப் பக்கத்தில் போய் நின்றார். வாச்மேன் சில அடி பின்வாங்கினார். படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். யாரும் சொல்லித் தராமலே ஒரு கண்ணை மூடிக்கொண்டார்.

"அரே!" என்றார். "யே தோ வஹீ ஹை!"

அவரேதான் இவர் என்று சாவியைக் கொடுத்தார். ஷட்டரைத் தூக்குவதற்குக் கையும் கொடுத்தார். அண்ணாச்சி உள்ளே போய், வெறும் தரையின் நடுவில் நின்று நாலு சுவரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு நனைந்த சட்டையைப் பிழிந்துகொண்டே, "மேடம், ப்ளக் பாயிண்டு ஒண்ணுதான் வச்சிருக்கான்" என்றார்.

அலுவலகம் திரும்பி ஹரிஹரன் சாரிடம் சொன்னேன். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"வாச்மேன் அவரை முன்ன பின்னப் பாத்தவனோ?"

"இல்லை சார். மொட்டையோட பாத்ததே இல்லை."

"முகம் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது சார்."

"ஆளும் தெரிஞ்சுதா?"

"ஆளும் தெரிஞ்சுது சார்."

நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "ஆகட்டும்" என்றார். அதை அவர் மகிழ்ச்சியாகச் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

அதன்பின் அவர் ஓய்வு பெற்றார், நானும் ஓய்வு பெற்றேன். மேலே போன குறிப்பு மேலேயே இருந்தது. மூலைக்கடையில் அண்ணாச்சி நன்றாகத்தான் இருந்தார். கோப்பைத் திறக்க முடியாததால் யாரும் அவருக்குச் சாவி கொடுத்ததாகப் பதிவில்லை. அதே காரணத்தால் யாரும் அவரைக் காலி செய்யச் சொல்லவும் முடியவில்லை. ஒரே ஒரு தொல்லை. அந்தக் கட்டிடத்துக்கு ஏஜென்சி அடிக்கடி புது வாச்மேனை அனுப்பும். வருகிற ஒவ்வொருவரும் முதல் நாளே ஷட்டர் ஷட்டராகப் போய் படத்தையும் ஆளையும் ஒப்பிடுவார். அதனால் அண்ணாச்சி முடி வளர விடுவதில்லை. எப்போது பார்த்தாலும் மொட்டை, எப்போது பார்த்தாலும் பட்டை. வாடிக்கையாளர்கள் அவரைப் பெரிய பக்தர் என்று நினைத்து மரியாதையாகப் பேசுவார்கள். அவர் வீட்டம்மா மட்டும் என்னிடம் ஒருமுறை, "எம் புருசன் தலையப் பாத்து எத்தன வருசமாச்சு தெரியுமா மேடம்?" என்று கோபமாகக் கேட்டிருக்கிறார்.

கவிதாவுக்காக இதுவரை எழுதி வைத்திருந்தபோது போன் அடித்தது. அண்ணாச்சிதான்.

"மேடம், ஒங்க ஆபீசு மேலெடத்துலேருந்து லெட்டர் வந்திருக்கு. எம் மவ படிச்சுச் சொன்னா. எம் ஃபைலு எப்பமும் ப்ளாக்கே ஆகலையாம். ஆகாத ப்ளாக்க எடுக்கணும்ங்கிற கேள்வியே எழலையாம். ஐகான்ல சந்தேகம் இருந்தா பெரிய படத்தத் தொறந்து பாத்துக்கிடணுமாம், அதுக்கு ஒரு விதி இருக்காம்."

"ஒன்பது, குறிப்பு ஆ" என்றேன்.

"அதேதான். அப்பம் மேடம், நான் இனிமே முடி வளத்துக்கிடலாமா?"

எனக்குத் தெரிந்த விதிகளையெல்லாம் மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். எதுவும் தடுக்கவில்லை; வாச்மேனிடம் இனி லெட்டரைக் காட்டினால் போதும்.

"வளத்துக்கோங்க அண்ணாச்சி. லெட்டர் எப்ப வந்துச்சு?"

"இன்னைக்குத்தான். காலையில கோயில்ல மொட்ட போட்டுட்டு வந்து ஷட்டரத் தூக்குதேன், கீழ கெடக்கு."

அன்று தைப்பூசம்.